மழலையும் மிருகப் படப் புத்தகமும்

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்கும் வீடுகள் நம்மிடையே அநேகம். திருமுழுக்குக்கோ முதலாவது பிறந்தநாளுக்கோ உறவினர் ஒருவர், அதிலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர், அழகான மிருகப் படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார். வீட்டார் அதனைப் புரட்டிப் பார்த்து, "என்ன வடிவான படங்கள்!" என்று மெச்சுவர். பின்னர், பிள்ளை கிழித்துப்போடும் என்று கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவர். நாலு வயதாகி, முன்பள்ளிக்குப் போய், எழுத்துப் படித்த பின் கொடுக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். அந்த நாலு வயதில் எடுத்துக் கொடுத்தால், "இது சின்னப்பிள்ளையளின்ரை புத்தகம்" என்று பிள்ளை அதனைத் திரும்பியும் பாராது.

இதனிலும் வருந்தத்தக்க இன்னொன்று உண்டு. பல வீடுகளில் நாள் முழுவதும் பிள்ளையோடு இருப்பவர் அம்மம்மாவோ அப்பம்மாவோ தான். தாய் வேலைக்குப் போயிருப்பாள். சிலவேளை மத்திய கிழக்கு நாடொன்றில் இருப்பாள். பிள்ளை புத்தகத்தை இழுத்துக்கொண்டு வந்து அம்மம்மாவின் மடியில் போடும். "எனக்கு இங்கிலீசு தெரியாது ராசா, அக்கா பள்ளிக்கூடத்தாலை வரட்டும்" என்று அவர் சொல்லுவார். அக்கா வந்து படத்தின் அடியிலுள்ள ஆங்கில வரிகளை விறுவிறென்று வாசித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். பிள்ளைக்கு அந்த வாசிப்பும் விளங்கவில்லை. அம்மம்மாவின் மடியும் கிடைக்கவில்லை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் படப் புத்தகம் எழுத்தறிந்தவரின் சொத்து என்னும் இந்த எண்ணத்தோடுதான் இக்கட்டுரையில் நாம் வழக்காட விரும்புகின்றோம். ஒரு மடியும், ஒரு வாயும், பொறுமையும் உள்ள எவரும் அப்புத்தகத்தை வாசிக்க வல்லவரே.

குழந்தைகளுக்கெனப் படங்களோடு அச்சேறிய நூல்களுள் மிகப் பழையனவற்றில் ஒன்று 1658ஆம் ஆண்டு ஜேர்மனியின் நூரன்பேர்க் நகரில் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் கொமேனியஸ் என்பவர். மொறாவியாவிற் பிறந்தவர், அங்கிருந்த சகோதரர் சபையின் ஆயர், முப்பதாண்டுப் போரின் காலத்தில் நாடிழந்து அலைந்தவர். மனைவியையும் இரு பிள்ளைகளையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். 1656இல் அவர் வாழ்ந்த லெஷ்னோ நகரம் எரிந்தபோது, ஆண்டாண்டாக எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளும் எரிந்தன. (1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட எமக்கு அந்தச் சாம்பலைப் பற்றி எவரும் விளக்கத் தேவையில்லை.) இரண்டு ஆண்டுகளின் பின் இம்மனிதர் உலகுக்குக் கொடுத்தது சிறுவர்க்கான படப் புத்தகம். அதில் அரிச்சுவடி எப்படித் தொடங்குகின்றது தெரியுமா? முதலெழுத்துக்கு ஒரு காகத்தின் படம். அது கரையும் ஒலியே அவ்வெழுத்தின் ஒலி. அடுத்த எழுத்துக்குச் செம்மறிக்குட்டியின் குரல். தவளைக்கும் ஓரெழுத்து, கழுதைக்கும் ஓரெழுத்து. எழுத்தைப் படித்த பின் மிருகத்தைப் பார் என்று அவர் சொல்லவில்லை. மிருகத்தின் குரலைப் போலச் செய்து விளையாடு, எழுத்து பின்னால் வரும் என்றார். முந்நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் நாம் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றோம்.

பிள்ளை புத்தகத்தை என்ன செய்யும் என்று அறிந்துகொண்டால் பாதிக் கோபம் தீர்ந்துவிடும். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளவையே ஓரளவு தெளிவாகத் தெரிகின்றன. மடியிலிருக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் இடையேயுள்ள தூரமும் அதுவே. ஆகவே முதல் இரண்டு மூன்று மாதங்களில் முகமும் குரலுமே அதன் புத்தகம். கறுப்பும் வெள்ளையுமாகத் தடித்த கோடுகளில் வரைந்த ஒரு பூனைப் படத்தைக் காட்டினால் சற்று நேரம் உற்றுப் பார்க்கும். ஐந்தாறு மாதமானதும் கைக்கு எட்டுவதெல்லாம் வாய்க்குப் போகும், புத்தகமும் போகும். அதைக் கண்டு பறிக்க வேண்டியதில்லை. தடித்த மட்டையிலோ துணியிலோ செய்த புத்தகமாயிருந்தால் சப்பட்டும், பின்னர் துடைத்து வைக்கலாம்.

எட்டு ஒன்பது மாதத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். படத்திலுள்ள முயலைப் பிள்ளை விரல்களால் பிறாண்டும். பிடித்துத் தூக்கப் பார்க்கும். வராதபோது கடதாசியைக் கசக்கும். இதனை அமெரிக்க உளநூல் ஆராய்ச்சியாளர் சிலர் கவனமாக ஆராய்ந்து 1998இல் வெளியிட்டனர். ஒன்பது மாதக் குழந்தைகள் படங்களிலுள்ள பொருள்களைக் கையால் எடுக்க முயன்றனர். பத்தொன்பது மாதமளவில் அந்த முயற்சியை விட்டு, விரலால் சுட்டிக் காட்டினர். மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டிலே படங்களை அதிகம் கண்டிராத கிராமத்துக் குழந்தைகளும் அவ்வாறே கையால் பற்ற முயன்றனர். எனவே முயலைப் பிடுங்கும் உங்கள் பிள்ளை குழப்படி செய்யவில்லை. படம் என்றால் என்ன, பொருள் என்றால் என்ன என்று தன் விரல்களால் ஆராய்ச்சி செய்கின்றது. ஒன்றரை வயதுப் பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்ப்பதும் வழமையே. திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று அந்தரப்பட வேண்டாம். பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்ட இரண்டு வயதாவது ஆகும். அதற்கு முன் மூன்று நான்காகவே புரளும். யானையிலிருந்து நேரே வாத்துக்குப் போனால் நீங்களும் கூடப் போகவேண்டியதுதான்.

ஏன் மிருகங்கள்?

கார்ப் படமும் பழப் படமும் உள்ள புத்தகங்களும் உண்டு. ஆயினும் சின்னஞ்சிறு பிள்ளை மிருகப் புத்தகத்தையே தேடி எடுப்பதற்கு நியாயங்கள் உள்ளன. மிருகத்துக்குக் கண்ணும் முகமும் உண்டு. அது தானாக அசையும். ஓடும், பாயும், வாலை ஆட்டும். எல்லாவற்றிலும் மேலாக அதற்கு ஒரு குரல் உண்டு. அந்தக் குரலோ பிள்ளையின் வாய்க்கு இசைந்தது. "பசு" என்று சொல்ல முடியாத நாவு "ம்மா" என்று சொல்லிவிடும். "ஆடு" வருமுன்னே "மே" வந்துவிடும். அமெரிக்கா, ஹொங்கொங், பெய்ஜிங் ஆகிய இடங்களில் குழந்தைகளின் முதற் சொற்களைச் சேர்த்து ஒப்பிட்ட ஆய்வொன்று 2008இல் வந்தது. தாயையும் தந்தையையும் அழைக்கும் சொற்களோடு நாயின் குரைப்பொலியும் அந்த முதற் சொற்களிடையே காணப்பட்டது. ஆகவே "மியாவ்" என்பது சொல்லல்ல, வெறும் சத்தம் என்று தள்ளிவிடாதீர்கள். பூனையைக் கண்டபோதெல்லாம் "மியாவ்" என்று பிள்ளை சொன்னால், அது ஒரு பொருளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டது என்பதே அர்த்தம்.

இந்த ஒலிகள் மொழிக்கு மொழி வேறுபடும் என்பதையும் மனதிற்கொள்ள வேண்டும். தமிழ்ப் பசு "அம்மா" என்று கத்தும். ஆங்கிலப் பசுவோ "மூ" என்னும். எங்கள் சேவல் "கொக்கரக்கோ" என்னும்போது ஆங்கிலச் சேவல் வேறேதோ சொல்லும். புத்தகத்தில் எப்படி அச்சிட்டிருந்தாலும், முற்றத்திலுள்ள பசுவும் சேவலும் பேசுகின்றபடி பேசுவதே சரி. பிள்ளை வெளியே போய் மாட்டைக் காணும்போது, புத்தகத்து மாடும் அந்த மாடும் ஒன்று என்று கண்டுகொள்ள அப்போதுதான் முடியும். இந்தக் கண்டுகொள்ளலில் அதன் முகம் மலர்வதைப் பார்த்தவர்கள், அலுமாரித் திறப்பைக் கையோடு எடுத்துவிடுவார்கள்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் கரடியும் பன்றியும் பனிநாட்டுப் பென்குவினும் நிறைய வரும். வரட்டும், பிள்ளைக்கு அவற்றிலும் ஆசை உண்டு. ஆனால் அதனோடு நின்றுவிடக் கூடாது. மன்னார்த் தெருவிலே கழுதைகள் நிற்கின்றன. வேறெங்கும் பிள்ளைகள் எளிதிற் காணாத காட்சி அது. நெடுந்தீவில் குதிரைகள் தாமாகத் திரிகின்றன. பருவகாலத்தில் மன்னார்க் கடலேரிகளுக்குப் பூநாரைகள் வருகின்றன. யாழ்ப்பாணத்து வேலியிலே செண்பகமும் புலுனியும் ஓணானும், மட்டக்களப்பு வாவிக்கரையில் கொக்கும் நீர்க்காகமும், மலைநாட்டு லயத்து முற்றத்தில் கோழியும் ஆடும் இருக்கின்றன. புத்தகத்தில் கழுதைப் பக்கம் வந்தால் அன்று பின்னேரம் தெருவுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தெருவிலே கழுதையைக் கண்டால் வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். படத்திலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து படத்துக்கும் போய்வரும் இந்தப் பயணந்தான் பின்னொரு காலத்தில் எழுத்திலிருந்து பொருளுக்குப் போகும் வழியாகின்றது. நத்தார்க் காலத்தில் பாலன் குடிலில் வைக்கும் மாட்டையும் கழுதையையும் ஆட்டுக்குட்டியையும் பிள்ளை இழுத்தெடுப்பதும் இதே பயணத்தின் ஒரு பகுதிதான். உடையாத ஒரு ஆட்டுக்குட்டியை அதற்கென்று ஒதுக்கிக் கொடுத்தால் குடிலும் தப்பும்.

சோதினை வேண்டாம்

எங்கள் சமூகத்தில் படிப்பு என்றால் சோதினை. இந்தப் பழக்கம் ஒன்றரை வயதுப் பிள்ளையின் படப் புத்தகத்தையும் விட்டுவைப்பதில்லை. "இது என்ன? சொல்லு! இது என்ன? நேற்றுச் சொன்னாய்தானே! மாமாவுக்குச் சொல்லிக் காட்டு!" விருந்தினர் முன் பிள்ளை வாய் திறவாது நிற்கும். தாய்க்கு வெட்கம், பிள்ளைக்கு வெறுப்பு. மூன்று நாள் இப்படி நடந்தால், நாலாம் நாள் புத்தகத்தைக் கண்டதும் பிள்ளை எழுந்து ஓடும். குற்றம் பிள்ளையினதோ புத்தகத்தினதோ அல்ல.

கேள்வி கேட்கவே கூடாது என்பதல்ல இதன் கருத்து. எப்படிக் கேட்பது என்பதிலேதான் எல்லாம் இருக்கின்றது. 1988இல் அமெரிக்காவில் வைற்ஹேர்ஸ்ற் என்னும் அறிஞரும் அவரோடு சேர்ந்தோரும் ஒரு பரிசோதனை செய்தனர். இரண்டு, இரண்டரை வயதளவிலுள்ள பிள்ளைகளின் பெற்றோர் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு சாராரும் வீட்டிலே பிள்ளைக்குப் படப் புத்தகம் வாசித்தனர். ஒரு சாரார் தம் வழமைப்படி வாசித்தனர். மற்றவர்களுக்கோ, வாசிப்பதைக் குறைத்துப் பிள்ளையைப் பேசவிடும்படியும், விடை "ஓம்", "இல்லை" என்று முடியாத கேள்விகளைக் கேட்கும்படியும், பிள்ளை சொன்னதோடு ஒன்றிரண்டு சொற்களைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லும்படியும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒரே மாதத்தில் இரண்டாம் பிரிவுப் பிள்ளைகள் பேச்சுத் திறனில் மற்றவர்களைவிடச் சில மாத வளர்ச்சி முன்னே நின்றனர். பெற்றோர் செலவிட்டது புதிய பணமல்ல, புதிய புத்தகமுமல்ல. பேசும் முறையை மாற்றினர், அவ்வளவே.

அந்த முறை அம்மம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்த முறைதான். அவர் புத்தகத்தை விரித்தால் பேச்சு இப்படிப் போகும்:

"இஞ்சை பார் குஞ்சு, ஆர் நிக்கிறது?"

"ம்மா."

"ஓம், ம்மா. கறுத்த ம்மா. என்ன செய்யுது?"

"ஆம்."

"ஆம் சாப்பிடுதோ? புல்லுச் சாப்பிடுது. எங்கடை மாடு என்ன சாப்பிடும்?"

"..."

"வைக்கல் சாப்பிடும். நீ போட்டனி எல்லே, காலமை?"

இங்கே எழுத்து ஒன்றுகூட வாசிக்கப்படவில்லை. பிள்ளை ஒரு சொல் சொன்னது. ஆச்சி அதனை ஏற்று, ஒரு நிறத்தைச் சேர்த்து, ஒரு வேலையைச் சேர்த்து, முற்றத்து மாட்டோடும் காலையில் நடந்ததோடும் இணைத்துவிட்டார். பிள்ளை பேசாமலிருந்த இடத்தில் அவர் கோபிக்கவில்லை; தாமே விடையைச் சொல்லிக் கடந்துபோனார். நாளைக்கு அதே இடத்தில் "வைக்" என்று ஒரு துண்டுச் சொல் வரும். முக்கியமானது, கேட்டபின் சற்றுக் காத்திருப்பது. மனதுக்குள் ஐந்துவரை எண்ணினாற் போதும். சிறு பிள்ளையின் நாவு மெதுவாகத்தான் எழும்பும். பெரியவர்களோ உடனே அடுத்த பக்கத்துக்குப் பாய்ந்துவிடுகின்றோம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. பிள்ளை ஆட்டையும் நாயையும் நன்றாக அறிந்துகொண்ட பின், ஆட்டுப் படத்தைக் காட்டி, முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு "வள், வள்" என்று குரையுங்கள். பிள்ளை ஒரு கணம் உங்களை உற்றுப் பார்க்கும். பிறகு குலுங்கிச் சிரிக்கும். "மே! மே!" என்று உங்களைத் திருத்தும். இந்தச் சிரிப்பை இலேசாக எண்ண வேண்டாம். சரியானது இன்னதென்று தெரிந்தவர்க்கே பிழையைக் கண்டு சிரிக்க முடியும். பத்துத் தரம் "இது என்ன?" என்று கேட்டு அறிய முடியாததை இந்த ஒரு சிரிப்பு உங்களுக்குச் சொல்லிவிடும். அமெரிக்க ஓவியர் சன்ட்ரா போயின்ரன் 1982இல் வெளியிட்ட சிறு மட்டைப் புத்தகம் ஒன்று இந்த வேடிக்கையையே முதலாகக் கொண்டு, உலகெங்கும் விற்பனையாகியது. நமது தாய்மாமன்மாரும் சித்தப்பாமாரும் இதனை எப்போதுமே செய்துவருகின்றனர். புத்தகத்தோடு செய்யலாம் என்று மட்டுமே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். தந்தையரும் இதில் ஒதுங்கி நிற்க வேண்டாம். யானையின் பிளிறலுக்கு வீட்டில் அவரது தொண்டையே பொருத்தம்.

நல்ல மிருகப் புத்தகம் எது என்று கேட்டால், முதலிற் சொல்லத்தக்கது இங்கிலாந்தின் பற் ஹச்சின்ஸ் 1968இல் வெளியிட்ட ஒரு பேட்டுக்கோழியின் கதை. கோழி உலாவப் போகின்றது. பின்னால் நரி பதுங்கி வருகின்றது. புத்தகம் முழுவதிலும் உள்ளவை 32 ஆங்கிலச் சொற்கள். அவற்றில் நரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நரியின் முகத்திலே வாரித்தடி அடிக்கின்றது, அது குளத்தில் விழுகின்றது, மாவிலே மூழ்குகின்றது, தேனீக்கள் துரத்துகின்றன. எல்லாம் படத்தில் மட்டுமே. எழுத்தை மட்டும் வாசிப்பவருக்கு அங்கே நரியே இல்லை! படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கும் எழுத்தறியாத ஆச்சிக்கும் முழுக் கதையும் தெரியும். இந்த ஒரு புத்தகமே நம் வழக்குக்குப் போதிய சாட்சி.

1969இல் எரிக் கார்ல் செய்த பசிகொண்ட புழுவின் புத்தகத்தை நம்மவர் பலர் அறிவர். புழு தின்று துளைத்த துளைகள் உண்மையாகவே பக்கங்களில் உள்ளன. பிள்ளையின் விரல் அவற்றிலே நுழையும். அந்தத் துளைகளைக் கட்டுப்படியான செலவில் அச்சிட்டுக் கட்ட அக்காலத்தில் அமெரிக்காவில் அச்சகம் கிடைக்காமல், முதற் பதிப்பு யப்பானில் அச்சாயிற்று. கடைசியில் புழு வண்ணத்துப்பூச்சியாகும். இங்கே ஓர் எச்சரிக்கை: கார்லின் புழுவைத் தொடலாம், நமது முருங்கை மரத்து மசுக்குட்டியைத் தொடக்கூடாது என்பதைப் பிள்ளைக்கு அப்போதே சொல்லிவைப்பது நன்று.

நம் நாட்டிலும் ஒரு பெரும் ஓவியர் இருந்தார். காலிக்கு அருகேயுள்ள கிந்தோட்டையிற் பிறந்த சிபில் வெத்தசிங்க. 2020இல் காலமானார். 1956இல் நூலாக வந்த அவருடைய குடைத் திருடன் கதை சிங்களத்தில் எழுதப்பட்டது. பின்னர் பல மொழிகளுக்குப் போயிற்று. குடையே காணாத கிராமத்து மாமா ஒருவர் பட்டினத்தில் ஒவ்வொரு முறையும் குடை வாங்கிவர, ஒவ்வொரு முறையும் அது களவு போகின்றது. கள்ளன் யாரென்று பார்த்தால் ஒரு குரங்கு! மூன்று வயதை அண்டிய பிள்ளைக்கு இது உகந்தது. சிங்கள எழுத்துத் தெரியாவிட்டால் என்ன? மரத்திலே குடைகள் தொங்குவதைப் பார்த்து எவரும் தமிழிலே கதை சொல்லலாம். கோவிலடிக் குரங்கு தேங்காய் களவெடுத்ததையும் சேர்த்துச் சொன்னால் ஒரு குறையும் வராது.

மூடியைத் திறந்து பார்க்கும் புத்தகங்களும், இழுத்தால் வால் ஆடும் புத்தகங்களும் இப்போது கடைகளில் அதிகம். பிள்ளைக்கு அவை கொண்டாட்டந்தான். ஆனால் இவ்வகைப் புத்தகங்களைச் சாதாரணப் படப் புத்தகங்களோடு ஒப்பிட்டு 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, இழுவையும் மூடியும் உள்ளவற்றிலிருந்து பிள்ளைகள் குறைவாகவே கற்றனர் என்று கண்டது. கை இழுப்பதிலேயே கவனம் போய்விடுகின்றது. அவ்வாறான ஒன்று வீட்டிலிருந்தால் இருக்கட்டும். அதிக விலை கொடுத்து அதையே தேடி வாங்க வேண்டியதில்லை.

ஒரே புத்தகத்தைப் பிள்ளை இருபதாம் முறையும் கொண்டுவரும்போது பெரியவர்களுக்கு அலுப்பு வருவது இயல்பு. ஆயினும் மறுக்காதீர்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011இல் மூன்று வயதுப் பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்விலே, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் அதிலுள்ள புதிய சொற்களை நன்றாகக் கற்றனர். அதேயளவு புதிய சொற்களை வெவ்வேறு கதைகளிற் கேட்ட பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடிபடவில்லை. ஆகையால் புத்தகம் பல வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். நல்லது நாலு இருந்தால் ஒரு பிள்ளை அவற்றோடு ஒரு வருடம் வாழும்.

வீட்டிலே செய்யும் புத்தகம்

அந்த நாலையும் வாங்க வசதி இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம். சொல்லப்போனால், வீட்டிற் செய்ததையே பிள்ளை அதிகம் விரும்புவதும் உண்டு. கடைப் பெட்டி மட்டையைச் சாண் அளவு சதுரமாக ஆறு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். மூலைகளைக் கத்தரிக்கோலால் உருட்டிவிடுங்கள். இல்லாவிடில் கண்ணிற் குத்தும். பழைய கலண்டர், பால்மாப் பெட்டி, சஞ்சிகை என்பவற்றிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஒரு மிருகமாக வெட்டி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தில் ஏழெட்டு மிருகங்களை நெருக்கி ஒட்டினால் சிறு பிள்ளையின் கண் எங்கே நிற்பதென்று அறியாது அலையும். உங்கள் வீட்டு நாயையும், அடுத்த வீட்டு ஆட்டையும், பிள்ளை கோழிக்குத் தீன் போடுவதையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து அச்சிட்டு ஒட்டினால், அந்தப் பக்கத்திலேதான் புத்தகம் எப்போதும் விரியும்.

பசைக்கு இரண்டு கரண்டி கோதுமை மாவை அரைக் கோப்பை தண்ணீரிற் கரைத்து, மெல்லிய நெருப்பில் துழாவி, பளபளத்து வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்கப் பசையிலே துரிசு சேர்ப்பது வழக்கம். குழந்தைப் புத்தகத்துக்கு அது ஒருபோதும் கூடாது. பிள்ளை சப்பும், துரிசு நஞ்சு. கம்பி அடிக்கவும் வேண்டாம். ஓரத்திலே இரு துளையிட்டுத் தடித்த நூலாற் கட்டி, முடிச்சை இறுக்கி, நுனியை ஒட்ட வெட்டுங்கள். கண்ணுக்கு மணியும் மூக்குக்குப் பொத்தானும் வைத்துத் தைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கழன்றால் தொண்டையிற் சிக்கும். தையல் தெரிந்தவர்கள் பழைய சேலைத் துண்டுகளில் மிருகங்களை வெட்டித் தைத்துத் துணிப் புத்தகம் செய்யலாம். தோய்க்கலாம், காயப்போடலாம், அடுத்த பிள்ளைக்கும் வைக்கலாம்.

தமிழிலே அச்சான படப் புத்தகங்கள் இப்போது முன்னைவிட அதிகம். சென்னையின் தூலிகா நிறுவனம் 1996 முதல் தமிழிலும் தமிழ்-ஆங்கிலம் இரண்டிலுமாகவும் வெளியிட்டு வருகின்றது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இணைய நூலகத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் பார்க்கலாம், அச்சிடவும் செய்யலாம். இங்கிலாந்தில் 1992இல் பேர்மிங்காம் நகரில் 300 குழந்தைகளின் குடும்பங்களுக்கு இலவசப் புத்தகப் பொதி கொடுத்து ஒரு முயற்சி தொடங்கியது. பின்னர் அது நாடெங்கும் பரவியது. எங்கள் ஊர் வாசிகசாலைகளில் பத்திரிகை மேசைக்குக் கீழே ஒரு பாயும் பத்து மட்டைப் புத்தகமும் வைப்பதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. கிழியும் என்ற பயம் இருந்தால், கிழிந்தாலும் பரவாயில்லை என்ற பத்தை வையுங்கள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இங்கே தனியாக ஒரு சொல். அங்கே நூலகங்களில் அருமையான மிருகப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன, ஆனால் ஆங்கிலத்தில். பிள்ளை "டக்" என்றும் "கௌ" என்றும் சொல்லத் தொடங்கிவிடும். இங்கே யாழ்ப்பாணத்திலுள்ள அப்பம்மா வீடியோ அழைப்பில் வந்து "தாரா" என்றால் பிள்ளை விழிக்கும். இரு பக்கத்தாரும் இரண்டு நிமிடம் சிரித்துவிட்டு, பேச ஒன்றுமில்லாமல் தொலைபேசியை வைப்பார்கள். இதற்கு ஒரு வழி: ஒரே படப் புத்தகத்தின் இரண்டு பிரதிகளை எடுத்து, ஒன்றை அப்பம்மாவுக்கு அனுப்புங்கள். அல்லது பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். அவர் அங்கே தாராப் பக்கத்தைக் காட்டிக் குரல் கொடுக்க, பிள்ளை இங்கே தேடட்டும். அடியிலுள்ள ஆங்கிலம் அப்பம்மாவுக்குத் தெரியாதிருப்பதே இங்கு நன்மையாகின்றது. அவர் தமிழை விட்டு வேறெதையும் பேசமாட்டார்.

அதே தொலைபேசியில் மிருகப் படங்கள் ஆடிப்பாடி ஓடுகின்றனவே, புத்தகம் எதற்கு என்று சிலர் கேட்பர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரை வேண்டவே வேண்டாம். ஒரு வயதுப் பிள்ளை உட்கார்ந்து திரை பார்ப்பதும் உகந்ததல்ல. இரண்டு வயதில் ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது. பிள்ளை அமர்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் கூட இருந்து வாசிப்பதையும் கதை சொல்வதையும் அவ்வழிகாட்டல் ஊக்குவிக்கின்றது. திரையிலே ஓடும் மாடு பிள்ளைக்காக நிற்காது. பிள்ளை "ம்மா" என்றாலும் என்னாவிட்டாலும் அது தன் பாட்டுக்குப் போகும். புத்தகத்து மாடு எவ்வளவு நேரமும் நின்று கேட்கும். பக்கத்தில் ஆச்சியும் இருப்பார்.

இந்த விளையாட்டினால் எதிர்பாராத ஓர் உதவியும் உண்டு. பிள்ளையின் முதுகுப் பக்கமாக இருந்து மெதுவாக "மியாவ்" என்னும்போது அது திரும்புகின்றதா? ஒரு வயதாகியும் குரலுக்குத் திரும்பாவிட்டாலோ, ஒன்றரை வயதாகியும் எதையும் சுட்டிக்காட்டாமலும் ஒரு சொல்லும் சொல்லாமலும் இருந்தாலோ, "அவன்ரை தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிராமல், கிளினிக்குக்குப் போகும் நாளில் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டிலும் இவ்வயதுகளுக்குரிய திறன்கள் குறிக்கப்பட்டுள்ளன. காது கேட்பதிற் குறையிருந்தால் அதனை எவ்வளவு முந்திக் காண்கின்றோமோ அவ்வளவுக்கு நல்லது.

நாய்க்குப் பயந்த பிள்ளைக்கு நாய்ப் படத்தை வற்புறுத்திக் காட்டவேண்டாம். அந்தப் பக்கத்தை அதுவே வேகமாகப் புரட்டிக் கடக்கட்டும். சில கிழமைகளில் அதுவே நின்று பார்க்கும். அதேவேளை, புத்தகத்து நாயை முத்தமிடும் பிள்ளை தெருநாயையும் முத்தமிடப் போகும் என்பதை மறவாதீர்கள். விசர்நாய்க்கடி முற்றாக ஒழியாத நாடு இது. பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டே நாயைப் பார்க்க வேண்டும் என்பதையும் விளையாட்டோடு விளையாட்டாகப் பழக்கலாம்.

கடைசியாகக் கிழிவதைப் பற்றி. கிழியத்தான் செய்யும். கிழிந்த துண்டை எறியாமல் புத்தகத்தினுள்ளே வைத்து, பின்னேரம் பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி ஒட்டுங்கள். பின்புறத்தில் மெல்லிய கடதாசி வைத்து மாப் பசையால் ஒட்டினால் நெடுநாள் நிற்கும். செலோரேப் ஒட்டினால் சில வருடத்தில் மஞ்சளாகிக் கழரும். பசை காயும்வரை மேலே ஒரு பாரம் வைத்துவிடுங்கள். அடுத்த நாள் புத்தகத்தை விரித்ததும் பிள்ளை முதலில் விரல் வைக்கும் இடம் அந்த ஒட்டாகத்தான் இருக்கும். "ஆனைக்கு நோ" என்று சொல்லும். ஆனைக்கு எங்கே நோ, எப்படி வந்தது, யார் மருந்து கட்டியது என்று கேளுங்கள்.